பதினோராம் பாடம்

ஜூன் 4

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுவது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், காரியம் நடக்காது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

உன்னை நம்பித்தான் பாப்பாவை உங்கள் கப்பல் கல்லூரியில் சேர்த்தேன். அத்தையே அங்கே இங்கிலீஷ் டீச்சர், எனக்கென்ன கவலை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். நேற்று போன் செய்தவள், "அம்மா, இன்னைக்கு அப்பாவைக் காப்பாத்திட்டேன்" என்கிறாள். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

நீ கம்ப்யூட்டரில் செய்து வைத்திருக்கும் பதினோராம் பாடத்தில் உன் அண்ணன் குரல் இருக்கிறதாமே. கப்பல் மூழ்கும்போது அவர் ரேடியோவில் பேசியது. ஆறு வருஷத்துக்கு முன் விசாரணை ஆபீசில் அந்தப் பதிவைக் கொடுத்தபோது, கேட்கத் தெம்பில்லாமல் உன் கையில் கொடுத்தேன். பத்திரமாக வை என்றுதான் சொன்னேன். பாடமாக வை என்று சொல்லவில்லை.

அதை எடுத்துவிடு.

உன் அண்ணி

ஜூன் 9

அன்புள்ள அண்ணி,

நீங்கள் திட்டியது குறைவு. உங்களிடம் சொல்லாமல் செய்திருக்கக் கூடாது. ஆனால் ஏன் செய்தேன் என்று கேளுங்கள்.

அண்ணன் அன்று இங்கிலீஷில் நன்றாகத்தான் பேசினார். கப்பல் எங்கே இருக்கிறது என்று அவர் சொன்னது மட்டும் இரைச்சலில் அடிபட்டுப் போனது. அதை ஒருமுறை திருப்பிக் கேட்டிருந்தால் போதும். கரையில் ரேடியோ முன் உட்கார்ந்திருந்தவனோ கப்பல் பெயர் என்ன, கம்பெனி பெயர் என்ன என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷ் கேள்விகளையே ஒப்பித்துக்கொண்டிருந்தான். மீட்புப் படகு கிளம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

என் மாணவர்களும் நாளைக்கு அப்படி ஒரு ரேடியோ முன் உட்காரப் போகிறவர்கள்தான். புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுகிறார்கள். இந்தப் பாடத்தில் ஹெட்போனில் அண்ணன் பேசுவார், அவர்கள் மைக்கில் கேள்வி கேட்க வேண்டும். சரியாகக் கேட்டால்தான் அடுத்த கட்டம். எல்லாம் சரியாகக் கேட்டுவிட்டால் திரையில் படகு கிளம்பும், எல்லோரும் பிழைத்தார்கள் என்று வரும்.

அந்த முடிவு நானாகச் சேர்த்தது, அண்ணி. வேறு மாதிரி எழுத எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை அவரைக் கரை சேர்த்துவிடுகிறது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. எடுக்கச் சொல்லாதீர்கள்.

உங்கள் குட்டி

ஜூன் 16

குட்டி,

விடுதி வார்டன் போன் செய்தார். பாப்பா வேறு எந்த வகுப்புக்கும் போவதில்லையாம். லேபைத் திறந்ததும் போய் உட்காருகிறவள் பூட்டும்போதுதான் எழுந்திருக்கிறாளாம். உனக்கு இது தெரியாதா, இல்லை தெரிந்தும் சும்மா இருக்கிறாயா?

நானும் கூப்பிட்டுத் திட்டிப் பார்த்தேன். "நான் பாதியில எழுந்து போயிட்டா அவர் தண்ணியிலயே இருப்பாரும்மா" என்கிறாள்.

நீங்கள் இரண்டு பேரும் தினமும் அவரைக் கரை சேர்க்கிறீர்கள். சாயங்காலம் என் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. அவர் போய்விட்டார். எனக்கு மிச்சம் இவள் ஒருத்திதான், இவளையும் அந்தப் பெட்டிக்குள் விட்டுவிட முடியாது. வயதில் மூத்தவள் உன் காலில் விழுகிறேன், எடுத்துவிடு.

அண்ணி

ஜூன் 21

அன்புள்ள அண்ணி,

காலில் விழுகிறேன் என்றெல்லாம் எழுதாதீர்கள், என்னால் தாங்க முடியவில்லை. பாப்பாவை லீவில் அனுப்புகிறேன், கொஞ்ச நாள் உங்களோடு இருக்கட்டும்.

நேற்று பாடத்தை அழிக்கத்தான் உட்கார்ந்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு வந்துவிட்டேன். இந்தத் தடவை அவரை நானே தண்ணீரில் தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது.

லீவில் இருக்கும்போது பாப்பாவின் போனிலும் அந்தப் பாடம் வரும், இங்கே நான் அழித்தால் அங்கேயும் போய்விடும். ஒரே ஒருமுறை கேளுங்கள். கேட்ட பிறகும் எடு என்றால் மறுபேச்சு பேச மாட்டேன்.

குட்டி

ஜூலை 2

அன்புள்ள குட்டிக்கு,

கேட்டேன்.

பாப்பா குளிக்கப் போயிருந்தாள். அவள் போனை எடுத்து, பதினொன்று என்று போட்டிருந்த இடத்தில் அழுத்தினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவர் சொன்னது எதுவும் புரியவில்லை. சளி பிடித்திருக்கிறது என்பது மட்டும் குரலில் தெரிந்தது. பேசிவிட்டு நிறுத்தினார். பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று பட்டது.

"மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன். போன் ஒரு மாதிரி கத்தியது. அவர் முதலில் சொன்னதையே மறுபடி சொன்னார். "என்னங்க, நான்தாங்க" என்றேன். திரும்பவும் அதே. நான் என்ன சொன்னாலும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. பாப்பா ஈரத் தலையோடு ஓடிவந்தபோது நான் போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேனாம். அவள் அதைப் பிடுங்கி அணைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் அந்தப் பாடத்தைத் தொடவில்லை. என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போலிருக்கிறது.

நான்தான் தொடுகிறேன், குட்டி. அவள் போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போனதும் அந்தப் பாடத்தைப் போட்டுவிடுகிறேன். தைத்துத் தர வேண்டிய சீருடைகள் அப்படியே கிடக்கின்றன. ஒவ்வொரு தடவையும் நான் பேசப் பேச அவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார்.

பாப்பாவுக்காக எடு என்று இதுவரை கேட்டேன். இப்போது எனக்காகக் கேட்கிறேன். எனக்கும் இங்கிலீஷ் சொல்லிக் கொடு என்று உன் வாசலில் வந்து நின்றுவிடுவேன். அதற்குள் எடுத்துவிடு.

அண்ணி