இருபத்தொன்றுக்கு முன்னால் நான் சேர்த்த ஐந்து

அன்பு மகள் வாண்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம், அங்கே நீ நலமா என்பதை உன் அம்மா வழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, என் போனை நீ எடுத்துப் பதினோரு நாளாகிறது, எடுக்காதது நியாயம்தான், உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நம்பரையே அழித்திருப்பேன். நலம் விசாரித்தாயிற்று, இனி வெட்கத்தை விட்டு விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உன் பல் மருத்துவப் பரீட்சை மதிப்பெண் ஐந்நூற்று இருபத்தொன்று என்று சொல்லிவிட்டேன். நீ வாங்கியது இருபத்தொன்று, முன்னால் இருந்த ஐந்து என்னுடையது. வாய் தவறி வந்துவிட்டது என்று சொன்னால் அது இரண்டாவது பொய்யாகிவிடும், அவர் வீட்டுக்கு லிஃப்டில் ஏறும்போதே முடிவு செய்து வைத்ததுதான்.

உன் பெரியப்பா மேல் எனக்குப் பொறாமை என்று நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாய், நான்தான் இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டேன். இருக்கிறதம்மா, நிறையவே இருக்கிறது. அக்காவைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவன் நான், அன்றையிலிருந்து இன்றுவரை எல்லாவற்றிலும் அவர் ஒரு படி மேலே. லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன், தொழிலே மேலே போவதுதான். என் தலையில் முடி கொட்டக் கொட்ட அது அவர் தலையில் போய் முளைக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். போதாததற்கு வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால் உன் அம்மா என்னைத் தாண்டிக்கொண்டு போய், அத்தான் வந்து பார்த்தா அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும் என்பாள், அவரும் வருவார், பாழாய்ப்போன மிக்ஸியும் அவர் தொட்டதும் ஓடும். இத்தனையும் பொறுத்துக்கொண்டேன். அவர் மகன், அதுதான் உன் ஆன்டெனா அண்ணன், மருத்துவக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் ஐந்நூற்று ஒன்பது வாங்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஐந்தாம் தேதி காலையில் கடையைத் திறக்கும் முன்பே அவர் போன் வந்தது. சகலை, நம்ம பையன் ஐந்நூத்தி ஒன்பது என்றார். சந்தோஷம் என்று சொன்னேன், சொல்லி முடிப்பதற்குள் நாலு தடவை எச்சில் விழுங்கினேன்.

மறுநாள் நீ கூப்பிட்டாய். நான் ஐந்நூறில் தொடங்குகிற ஒரு எண்ணுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ இருபத்தொன்று என்றாய். இருநூத்தி இருபத்தொன்னா என்று கேட்டேன், இல்லப்பா, வெறும் இருபத்தொன்னு என்றாய். எத்தனைக்கு என்றேன், முப்பது வரைக்கும் போகும் என்றாய். மேசையில் கால்குலேட்டர் இருந்தது, தட்டினேன், எழுபது என்று வந்தது. உங்க அண்ணன் ஐந்நூறைத் தாண்டிட்டான், நீ முப்பதைக்கூடத் தாண்டலையா என்று நான் கேட்டதை இப்போது எழுதும்போதே காது கூசுகிறது. அப்பா, இதை அப்படிப் பார்க்கக் கூடாதுப்பா என்று நீ இரண்டு தடவை சொன்னாய், இரண்டு தடவையும் நான் குறுக்கே விழுந்து பேசினேன். மறுபடி எழுது, இந்த மாசமே பதிவு பண்ணு என்றேன். சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தச் சரிப்பாவுக்கு என்ன அர்த்தம் என்று அடுத்த நாளிலிருந்துதான் தெரிய ஆரம்பித்தது, நீ நிஜமாகவே பதிவு செய்துவிட்டாய், அதோடு என்னிடம் பேச்சையும் நிறுத்திவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைக் கதையையும் கேள், அம்மா சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் புதிதாகக் குடிபோன ஐந்தாவது மாடி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பாதி நகரம் தெரிகிறது, எனக்கு என் கடையின் ஒழுகுகிற கூரைதான் தெரிந்தது. ஆன்டெனா பரிமாறினான், பணிவாகத்தான் பரிமாறினான், அந்தப் பணிவு எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. யாரும் உன் மதிப்பெண்ணைக் கேட்கவே இல்லை, கேட்காமல் இருப்பதே குத்திக் காட்டுகிற மாதிரி எனக்குப் பட்டது, அதனால் தண்ணீரைக் குடித்துவிட்டு நானே ஆரம்பித்தேன், நம்ம பொண்ணுக்கும் வந்துடுச்சு சகலை, ஐந்நூத்தி இருபத்தொன்னு என்றேன். மேசைக்கு அடியில் உன் அம்மா என் கால்மேல் ஏறி நின்றாள். ஆன்டெனாவுக்குக் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. உன் பெரியம்மா சட்டென்று எழுந்து அடுக்களைக்குள் போனாள், அவள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன், பாவம் அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உன் பெரியப்பா மட்டும் தட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல், அடேயப்பா சகலை, ரொம்பப் பெரிய நம்பராச்சே என்றார், உடனே பேச்சை லிஃப்ட் கம்பி எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதற்குத் திருப்பிவிட்டார். வயிற்றெரிச்சல் தாங்காமல்தான் பேச்சை மாற்றுகிறார் என்று எனக்கு அப்படி ஒரு திருப்தி, இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நேற்று என்ன நடந்தது தெரியுமா, கடைக்கு ஒரு அம்மா வந்தார்கள், படிக்கிற கண்ணாடி வேண்டுமென்று. கண்ணைப் பார்த்தேன், பிளஸ் இரண்டு என்று எழுதிக் கொடுத்தேன். ரெண்டுதானா, என் தங்கச்சிக்கு ரெண்டரையாச்சே என்று அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினேன், அம்மா, இது மார்க் இல்லை, நம்பர் பெருசா இருந்தா ஒசத்தின்னு அர்த்தம் இல்லை, கிட்டப் பார்வைக்காரன் நம்பரையும் எட்டப் பார்வைக்காரன் நம்பரையும் பக்கத்துல வெச்சு எவனாவது பார்ப்பானா என்று பெரிய மேதாவி மாதிரி கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டு, இதைத்தான் சார் நானும் தினமும் பிள்ளைகளைப் பெத்தவங்ககிட்ட கத்திக்கிட்டிருக்கேன், ஒருத்தரும் கேக்கறதில்லை என்றார்கள். எங்கே என்றேன். பல் மருத்துவக் கல்லூரியில், மாணவர் சேர்க்கைப் பிரிவில், பதினெட்டு வருஷமாக என்றார்கள். கையில் இருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன், உனக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் எனக்கும் புரிந்துவிட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும். ஆன்டெனா எழுதிய பரீட்சையில் எண்ணே நானூற்று எழுபத்திரண்டில்தான் தொடங்குகிறதாம். ஒரு கேள்விக்குக்கூடச் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலும் நானூற்று எழுபத்திரண்டு, நம் மாடிப்படிப் பூனை போய் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் நானூற்று எழுபத்திரண்டு. முடிவது ஐந்நூற்று இருபத்தெட்டில். நீ எழுதிய பல் பரீட்சை ஒன்றில் தொடங்கி முப்பதில் முடிகிறது, ஆனால் முப்பதுக்கு இத்தனை என்று வகுக்கிற முப்பது இல்லையாம் அது, சரியான விடைகளை எண்ணிப் போடுகிற எண்ணே இல்லையாம், கேள்வித்தாள் ஒருமுறை கடினமாகவும் ஒருமுறை சுலபமாகவும் இருக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற எண்ணாம். பெரும்பாலான பிள்ளைகள் பதினேழு, பதினெட்டில் நிற்கிறார்களாம். உண்மையில் பார்க்க வேண்டியது பர்சென்டைல் என்று இன்னொன்று, எழுதிய பிள்ளைகளை நூறு பேராக நினைத்து வரிசையில் நிறுத்தினால் நமக்குக் கீழே எத்தனை பேர் என்கிற கணக்கு. இருபத்தொன்றுக்குக் கீழே தொண்ணூற்று மூன்று பேராம் வாண்டு. தொண்ணூற்று மூன்று பேர்! நான் அதை எழுபது என்று தட்டினேன். அந்த அம்மா என் கால்குலேட்டரைப் பார்த்து, இதைத்தான் சார் முதல்ல பிடுங்கி வைக்கணும் என்றார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஐந்நூற்று ஒன்பதுக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டேன். எழுபத்தேழு என்றார்கள். மனசுக்குள் தொண்ணூற்று மூன்றிலிருந்து எழுபத்தேழைக் கழித்தேன், பதினாறு வந்தது, உதடு என்னை மீறிச் சிரித்திருக்க வேண்டும். அவர்கள் உடனே, சார், அதையும் கழிக்காதீங்க, அந்தக் கூட்டம் வேற, இந்தக் கூட்டம் வேற, அதுல நிக்கற நூறு பேர் இங்க நிக்கலை என்றார்கள். முகத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் அவர்கள் கண்ணாடியையே மூன்று தடவை துடைத்தேன். அவர்கள் போன பிறகுதான் உறைத்தது, முப்பதோடு முடிகிற பரீட்சையில் என் மகள் ஐந்நூற்று இருபத்தொன்று வாங்கியிருக்கிறாள் என்றல்லவா நான் சபையில் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, பெரியப்பா வீட்டில் யாருக்கும் உன் பரீட்சை முப்பதோடு முடிவது தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் அவர் என்னைச் சும்மா விட்டிருப்பாரா.

இப்போது முக்கியமான சேதி. மறுபடி எழுதாதே. இருபத்தொன்று வாங்கிய பிள்ளை மறுபடி எழுதினால் ஒன்று ஏறலாம், ஒன்று இறங்கலாம், இறங்கினால் கல்லூரிக்காரர்கள் இரண்டு எண்ணையும் பார்ப்பார்களாம், ஏன் எழுதினாய் என்று நேர்காணலில் கேட்பார்களாம், எங்க அப்பாவுக்குப் பொறாமை என்று நீ அங்கே சொல்ல முடியாது. பதிவை விலக்கிக்கொள்ளக் கடைசி நாள் இருபத்தெட்டு என்று அம்மா சொன்னாள், இன்று பதினேழு, கடிதம் வந்து சேர ஆறு நாள், அதனால் படித்த கையோடு விலக்கிவிடு. அம்மாவிடம் போனில் சொல்லச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், நீங்க ஒடைச்சதை நீங்களே ஒட்டுங்க என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அந்த நேரத்தை விண்ணப்பக் கட்டுரைக்குச் செலவழி, வாசிப்புப் பகுதியில் பதினெட்டு என்றாயே, அதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லத் தயாராக இரு. உருவங்களையும் கோணங்களையும் கண்ணால் அளக்கிற பகுதியில் இருபத்துநான்காமே, அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், கண்ணாடிக் கடைக்காரன் மகள் என்று நீயே நேர்காணலில் சொல்லிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. உன் கண்ணாடியின் வலது பக்கக் கால் தளர்ந்திருப்பதாக அம்மா சொன்னாள், அங்கே எவனிடமும் கொடுக்காதே, சின்னத் திருகாணி இரண்டை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு பெரியப்பாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன், சொல்லும்போது தொண்ணூற்று மூன்றையும் சேர்த்துச் சொல்வேனா மாட்டேனா என்பதற்கு மட்டும் உத்தரவாதம் தர முடியாது. நீ நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் கைகூட வேண்டும், உன் கையால் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு ஆயுள் வேண்டும். இருபத்தெட்டை மறந்துவிடாதே. என் போனை ஒரே ஒரு தடவை எடு, கால்குலேட்டர் பக்கத்தில் இருக்காது.

இப்படிக்கு,
ஐந்தைத் திரும்ப வாங்கிக்கொண்ட உன் அப்பா

பி.கு. உறையை ஒட்டும்போது உன் அம்மா வந்து ஒன்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் உன் இருபத்தொன்று முன்பே தெரியுமாம். ஆறாம் தேதி மதிப்பெண் வந்ததும் நீ முதலில் கூப்பிட்டது பெரியப்பாவைத்தானாம்.