கொக்கே வராத ஊர்

மாப்ள,

இன்றைக்குச் சாயந்தரம் கொசுவை உறிஞ்சிப் பிடிக்கும் குழாயை வாயில் வைத்ததும் அந்தப் பழைய ரப்பர் நாற்றம் அடித்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது. "ஊரே கொசுவ அடிச்சுக் கொல்லுது, நம்ம ரெண்டு பேருந்தான் முத்தம் குடுத்துப் புடிக்கிறோம்" என்பாய். அதைச் சொல்லிச் சிரிக்க இப்போது ஆளில்லை.

கோட்டைப்பட்டினம் பக்கம் நாம் போன தெருவை நினைத்துக்கொண்டேன். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வாசல் நிறையப் பிள்ளைகள். ஜமீலா அக்காவின் மகனுக்கு வலிப்பு வந்து, மூளைக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அடுத்த பிள்ளை விழுவதற்குள் கிருமி எங்கிருந்து வருகிறது என்று சுகாதாரத் துறையிலிருந்து போன நாம் கண்டுபிடித்தாக வேண்டும். பன்றியிடமிருந்தோ கொக்கிடமிருந்தோதான் கொசு அதை எடுத்து வரும். பன்றி அந்தத் தெருவில் கிடையாது. மிஞ்சியது கொக்கு.

கேட்ட வீடெல்லாம் ஒரே பதில்: "இங்கிட்டுக் கொக்கே வாரதில்லங்க."

ஊருணிக்கரைக் கருவேல மரங்களின் அடியில் மட்டும் புது மணல் பரப்பியிருந்தது. நீ செருப்பால் மணலைத் தள்ளினாய். கீழே வெள்ளை வெளேரென்று எச்சம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பயப்படுறாங்க மாப்ள, கத்தாத" என்றாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வீட்டுக்கு வந்த அக்காவிடம் தனியாகக் கேட்டாய்.

"கொக்கு அடையிற எடத்துல பரக்கத்து இருக்கும், குடும்பம் செழிக்கும்னு வாப்பா சொல்லுவாங்க தம்பி. சொன்னா மரத்த வெட்டிப்புடுவீங்களே."

"வெட்ட மாட்டாங்கக்கா, என் வாக்கு. வெட்டுனா கொக்கு அடுத்த ஊருக்குப் போகும், காய்ச்சலும் கூடவே போகும்."

அக்கா சொன்னார். மரத்துக்குப் பக்கத்து ஆட்டுக் கொட்டகையில் நாம் பிடித்த கொசுக்களில் கிருமி இருந்தது. தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தடுப்பூசி போட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் விழவில்லை. அக்கா மகனும் பிழைத்தான், வலது கை மட்டும் சரியாக எழவில்லை.

ஆனால் மரங்களை வெட்டிவிட்டார்கள். யார் சொல்லி வெட்டினார்கள் என்று நீ அலையாத இடமில்லை. ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கை காட்டினார்கள். அக்காவைப் பார்க்கப் போனோம். டீ கொடுத்தார், முகங்கொடுத்துப் பேசவில்லை. திரும்பும்போது மீமிசலில் வண்டியை நிறுத்தினாய். "நம்ம சொல்லு செல்லாக்காசாப் போச்சு மாப்ள" என்றாய்.

அதைச் சரிசெய்ய உனக்கு நாள் கிடைக்கவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. யாரோ செய்த காரியத்துக்கு நீ தலைகுனிந்து போனாயே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றைக்கு நான் போனது அதற்கு அடுத்த ஊர். நீ சொன்னபடியே ஆகிவிட்டது. இங்கே ஒரு பெண்குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது. "கொக்கா? கொக்கே வாரதில்லங்க" என்றார்கள். புளியமரத்தடியில் புது மணல். மரம் வெட்டிய கதை எனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறது. நான் மணலையே பார்த்துக்கொண்டு நின்றேன். குழந்தையின் சித்தி பக்கத்தில் வந்தாள்.

"சொன்னா வெட்டிருவீங்களா?"

உன்னைப் போல வாக்குக் கொடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. "வெட்ட மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா. வெட்ட வந்தா மொத ஆளா வந்து நான் குறுக்க நிப்பேன். அது மட்டுந்தான் என் கையில இருக்கு" என்றேன்.

அவள் புளியமரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "பொழுது சாயட்டும், இருங்க. வரும்" என்றாள்.

வந்தன, மாப்ள. மரமே வெள்ளையாகும்வரை கொக்குகள் வந்து அடைந்தன. அதன்பிறகுதான் குழாயை எடுத்து வாயில் வைத்தேன். நீ காப்பாற்ற முடியாமல் போன வாக்கு இனி என்னுடையது.