எங்கள் பூசணிக்காயே

அக்டோபர் 5, ஞாயிறு

வந்து சேர்ந்தாயிற்று. விடுதி அறையில் மூன்று கட்டில். சன்னலோரம் அக்கா, நடுவில் குறட்டை, கதவோரம் நான். குறட்டைக்குப் பாடகர் குழுவில் ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. போர்வைக்குள் கைவிளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அக்கா கண்ணில் பட்டால் காலையில் ஊருக்கே காட்டிவிடுவாள்.

விமானத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வருகிறது. பாட்டு டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மெட்டு உனக்குத் தெரியும்ல? அக்காவோட சரணத்த நீ பாடிடு."

"அந்த நாட்டு பாஷை தெரியாது டீச்சர்."

"அவளுக்கு மட்டும் தெரியுமா? தமிழ் எழுத்துல எழுதி வச்சிருக்கேன். அப்படியே படி."

அக்கா ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுப் படித்தவள். அது டீச்சர் வீட்டுக் கணினியில் இருக்கிறது. என் கையில் தாள் மட்டும். இந்தப் பயணத்தில் இவர்கள் மொழியில் பாடுவது அந்த ஒரு சரணம்தான். அதுவும் வாத்தியம் இல்லாமல், தனியாக. நான் குளியலறையில்கூடத் தனியாகப் பாடியதில்லை.

நாளைக் காலையே முதல் பள்ளி. ஆண்டவரே, எனக்கும் தொண்டை கட்டட்டும்.

அக்டோபர் 6, திங்கள்

செத்துப் போயிடலாம் போல இருக்கு.

பிள்ளைகள் தரையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். குழு தமிழில் பல்லவியை முடித்தது. நான் ஓரடி முன்னால் வந்து சரணத்தைத் தொடங்கினேன். முதல் வரி முடியவில்லை, கடைசி வரிசையில் ஒரு பையன் குபீரென்று சிரித்தான். பிறகு கூடமே. தலைமையாசிரியர் மூக்கைச் சிந்துகிற மாதிரி கைக்குட்டையில் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை — நிறுத்தத் தெரியவில்லை.

வேனில் ஏறிய பிறகு ஆன்ட்டிதான் சொன்னார். இங்கேயே குடியேறிவிட்ட தமிழ்க்காரர். எங்களுக்கு மொழிபெயர்க்க வருகிறார்.

"எங்கள் மேய்ப்பரேன்னு பாடணும் கண்ணு. நீ எங்கள் பூசணிக்காயேன்னு பாடிட்ட."

வேன் குலுங்கியது.

எங்கள் பூசணிக்காயே, நீர் முன்னே நடவும், நாங்கள் பின்னே வருவோம். சரணத்தில் அந்த வரி நாலு தடவை வருகிறது. நாலு தடவையும் பாடியிருக்கேன்!

எல்லாம் இந்த ப-வால். நமக்கு ஒரே ப. அவங்களுக்கு ரெண்டு. தாளில் இருந்ததைத்தானே படிச்சேன்? நான் என்ன பண்ணுவேன்?

அம்மா போனில், "எப்படிடி பாடின?" என்று கேட்டாள்.

"எல்லாரும் சிரிச்ச முகமா இருந்தாங்கம்மா" என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கோட்டை பார்த்தோம். எல்லாரும் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு நினைவிருப்பது என் செருப்பு மட்டும்தான்.

டீச்சர் சரணத்தையே வெட்டிவிட்டார். "ஊழியத்துக்கு வந்த இடத்துல வேடிக்கையாயிடக் கூடாது. வியாழக்கிழமையும் தமிழ்லயே முடிச்சுக்கலாம்." வியாழக்கிழமை பேராலயத்தில் எல்லாப் பள்ளிகளும் கூடுகின்றன. இவ்வளவு தூரம் வந்து, இவர்கள் மொழியில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் திரும்பப் போகிறோம். என்னால்.

இரண்டாவது பள்ளியில் ஒரு தப்பும் இல்லை. பிள்ளைகள் நகம் கடித்தார்கள். ஒருத்தி முன்னால் இருந்தவளின் சடையைப் பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏன் இல்லை? நேற்று அந்தக் கூடத்தில் ஒரு கண்கூட வேறெங்கும் போகவில்லையே.

அக்டோபர் 8, புதன்

இன்றைக்கு நடந்ததை நானே நம்பவில்லை.

வேனில் ஆன்ட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாய் திறப்பதற்குள் பாதி ஊர் தாண்டிவிட்டது.

"ஆன்ட்டி, இது எந்த ப?"

"பஸ்ஸுக்கு வர்ற ப. நீ பல்லுக்கு வர்ற ப-வப் போட்டுட்ட."

அவ்வளவுதானா! ஒவ்வொரு ப-வாகக் கேட்டேன். பஸ், பல், பல், பஸ். எழுத்துக்கு மேலே குட்டிக் குட்டி பஸ் வரைந்தேன். க-விலும் த-விலும் இதே கூத்து. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். தப்பாகச் சொன்னால் ஹாரன் அடித்தார்.

"இந்த ரோட்ல போறவங்கல்லாம் பாவம்" என்றாள் குறட்டை.

பள்ளி வாசலில் டீச்சரிடம் போனேன்.

"சரணத்த நான் பாடறேன் டீச்சர்."

"மறுபடி சிரிச்சாங்கன்னா?"

"சிரிக்கட்டும்."

பேசியது யார்? நானா?

பாடினேன். பஸ்ஸெல்லாம் பஸ்ஸாக, பல்லெல்லாம் பல்லாக. யாரும் சிரிக்கவில்லை. முடித்ததும் முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்து ஏதோ கேட்டது. கூடமே அதைப் பிடித்துக்கொண்டு கத்தியது.

ஆன்ட்டி என் காதில், "உன் கதை இங்க வரைக்கும் வந்தாச்சு. பூசணிக்கா எங்கேன்னு கேக்குறாங்க" என்றார்.

டீச்சரைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஒரே தடவைதான், சொல்லிட்டேன்" என்றார்.

பல்லுக்கு வருகிற ப-வை நன்றாக அழுத்திப் பாடினேன். கூரை பிய்த்துக்கொண்டு போகாததுதான் பாக்கி.

அக்டோபர் 9, வியாழன்

பேராலயம். முழுக்கக் கல். இருமினால்கூட எங்கேயோ போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறது. முதல் பள்ளிப் பிள்ளைகள் இடப்பக்கம் உட்கார்ந்து, இப்போதே வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

முன்னால் வந்தேன். வயிற்றில் பயம் அப்படியே இருந்தது. குரலுக்கு ஏறவில்லை.

மேய்ப்பரே. சரியாக விழுந்தது. பொத்திய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

இரண்டாம் முறை அந்த வரி வந்தபோது என் குரலோடு இன்னொரு குரல் கேட்டது. எதிரொலி என்று நினைத்தேன். இல்லை, இடப்பக்கம் பாடிக்கொண்டிருந்தது! நாலாவது முறை ஆலயமே பாடியது. அந்தத் தலைமையாசிரியர் சுருதி எந்தப் பக்கம் என்றே பார்க்காமல் தொண்டை கிழியப் பாடினார்.

வெளியே வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். குரல் கரகரவென்று, "எருமை, அழ வச்சுட்டியேடி!" என்றாள்.

பயணம் முழுக்க அவள் பேசிய முதல் வாக்கியம்.

அக்டோபர் 18, சனி

ஊர் திரும்பிய பிறகு முதல் பயிற்சி. அக்காவுக்குக் குரல் முழுசாக வந்துவிட்டது. டீச்சர் புதுப் பாட்டைக் கொடுத்து, "முதல் சரணம் தனியா யாரு பாடறது?" என்றார்.

எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பியது. அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கை மேலே போயிற்று. போன பிறகுதான் பயந்தேன்.

இறக்கவில்லை.