இங்கிலாந்தில் சோதித்த பஸ்

ஈப்போ
9 நவம்பர் 1986

தம்பி தேனப்பனுக்கு,

உன் கூடப்பிறந்த ஆச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் கம்ப்யூட்டரும் அங்கே சுகம்தானே? கார்கள் திரைக்குள் முட்டிக்கொண்டு நசுங்குவதைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நம் வம்சத்தில் நீ ஒருவன்தான்.

நீ அனுப்பிய கணக்கை நம்பி, உன் அண்ணன் பழனியப்பன் தன் பட்டறையில் எஃகுச் சட்டத்தைக் கைவிட்டு அலுமினியத்தில் பஸ் கட்டிவிட்டான். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு விற்றும்விட்டான். பின்புறத் தகரத்தில் சிவப்புப் பெயிண்டில் ‘இங்கிலாந்து கம்ப்யூட்டரில் சோதித்தது’ என்று எழுதியிருக்கிறான். மாரியம்மன் துணை அதற்குக் கீழேதான்.

உன் தாள்களைப் படித்தேன். கூரைப் பாரம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறாய். தைப்பூசத்துக்கு ஈப்போ வரும் தோட்ட பஸ்ஸின் கூரை என்றைக்கடா காலியாக இருந்தது? காவடிச் சட்டம், அண்டா, அரிசி மூட்டை, தண்ணீர்ப் பந்தலுக்கு ஐஸ் பெட்டி. அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தவன்தானே நீ? அத்தனை பாரத்தோடு பஸ் கவிழ்ந்தால் கூரையைப் பிடித்திருக்கும் அந்த அலுமினியத் தூண்கள் தாங்குமா? மறுபடி கணக்குப் போடு.

பழனியப்பனிடம் சொன்னால், “இங்கிலாந்து கம்ப்யூட்டரே ஓகே சொல்லிருச்சு லா ஆச்சி, நீங்க எதுக்குப் பயப்படுறீங்க?” என்கிறான்.

உன் ஆச்சி
நாகம்மை


கவென்ட்ரி
2 டிசம்பர் 1986

அன்புள்ள ஆச்சிக்கு,

நலம். குளிர் தொடங்கிவிட்டது.

கூரையில் சாமான் ஏற்றுவது சட்டவிரோதம். சட்டத்தை மீறுகிறவர்களுக்காக நான் கணக்குப் போட முடியாது. பஸ்ஸைக் கவிழ்த்துப் பார்க்கும் சோதனையில் கூரை காலி என்பது இங்குள்ள விதி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் நேரம் கிடைப்பதும் லேசில்லை. பள்ளிக்கூடத்துப் பௌதிகம் வேறு, இது வேறு ஆச்சி.

அண்ணன் அனுப்பிய பஸ் படம் வந்தது. எழுத்து எடுப்பாக இருக்கிறது. ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினேன்.

அன்புத் தம்பி
தேனப்பன்


ஈப்போ
20 டிசம்பர் 1986

தம்பி தேனப்பனுக்கு,

எல்லோரும் சட்டப்படி ஓட்டினால் ஒரு வண்டியும் மோதாது. உனக்கு வேலையும் இருக்காது. சட்டத்தை மீறுகிற வெள்ளைக்காரனுக்குக் கதவை எத்தனை கனமாக வைப்பது என்று யோசிப்பதற்குத்தானே உனக்குச் சம்பளம்? தோட்டத்துக்காரன் மீறினால் மட்டும் உன் கணக்கில் ஆள் இல்லையா?

பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவள் சொன்னால் பழனியப்பன் கேட்கமாட்டான். நீ சொன்னால் கேட்பான். ‘கூரையில் எதுவும் ஏற்றாதே, தூண் தாங்காது’ என்று தந்தி அடி. தைப்பூசத்துக்கு முன்னால் அடி.

நாகம்மை


ஈப்போ
22 பிப்ரவரி 1987

தேனப்பனுக்கு,

தந்தி வரவில்லை. தைப்பூசத்தன்று காலையில் கோப்பெங் வளைவில் பஸ் கால்வாய்க்குள் சாய்ந்தது. வேகம் அதிகமில்லையாம். கூரை ஜன்னல் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. ராக்காயி என்ற தோட்டத்துப் பெண்ணுக்கு மட்டும் வலது கை போய்விட்டது. பால்மரம் சீவுகிற கை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். “ஏம்மா, மேல அவ்வளவு சாமான் ஏத்தலாமா?” என்று கேட்டுவிட்டேன். “பின்னால எழுதியிருந்துச்சே டீச்சர். மகள படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் ஏறுனேன்” என்றாள்.

நாகம்மை


கவென்ட்ரி
9 மார்ச் 1987

அன்புள்ள ஆச்சிக்கு,

செய்தி வருத்தமளித்தது. அந்த அம்மாளுக்கு என் அனுதாபத்தைச் சொல்லவும்.

கணக்கில் தவறில்லை, பாரத்தில்தான் தவறு என்பது இப்போது தெளிவாகிவிட்டது. ஓர் உதவி. பஸ்ஸை உடைத்துவிட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லவும். ஒவ்வொரு தூணும் எங்கே மடங்கியது, எத்தனை அங்குலம் என்று அளந்து, போட்டோவும் எடுத்து அனுப்பினால் பெரிய உபகாரம். நிஜமாகக் கவிழ்ந்த பஸ்ஸின் அளவு எங்களுக்குக் கிடைப்பது அபூர்வம். என் கட்டுரையில் உங்கள் பெயருக்கு நன்றி சொல்வேன்.

அன்புத் தம்பி
தேனப்பன்


ஈப்போ
29 மார்ச் 1987

தேனப்பனுக்கு,

அளந்தேன். ஒரு தூண் விடாமல் அளந்து, படமும் எடுத்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் கொடுத்துவிட்டேன். பழனியப்பன் என்னோடு பேசுவதில்லை. ஆனால் பட்டறைக்கு மறுபடி எஃகு வந்து இறங்கியிருக்கிறது.

உனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பஸ்ஸின் பின்புறத் தகரத்தை எழுத்து சேதமாகாமல் வெட்டி வாங்கினேன். கப்பல் தபாலில் வருகிறது, மெதுவாகத்தான் வரும். மாரியம்மனை இங்கேயே நிறுத்திக்கொண்டேன். மீதி உன்னுடையது. ஆபீஸில் எல்லோருக்கும் காட்டு.

வந்து சேர்ந்ததற்குக் கடிதம் வேண்டாம்.

நாகம்மை