கோல் கம்பத்துக்கு நான் சொன்ன உதாரணம்

நேற்றுச் சாயங்காலம் கோரிப்பாளையம் பஸ் ஸ்டாப்பில் உன் குரல் கேட்டது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணின் போனில் ஓடிய வீடியோவில் நீ பேசிக்கொண்டிருந்தாய்.

"மூவிங் த கோல்போஸ்ட்ஸ்னா, பாதி ஆட்டத்துல விதிய மாத்துறது. வைகை ஆத்துக்குள்ள ஃபுட்பால் ஆடுற பயலுக கோல் கம்பத்துக்குப் பதிலா செருப்பப் போட்டிருப்பானுக. கோல் விழப்போற நேரம் பாத்து காலாலயே நகத்திருவானுக. அதான்."

"இந்தக்கா எம்புட்டு அழகா சொல்லுது பாரு" என்று அவள் தோழியிடம் காட்டினாள். நீ இறந்துபோனது அவளுக்குத் தெரியாது. அந்த உதாரணம் என்னுடையது என்பதும் தெரியாது.

ஒரே பள்ளியில் ஆங்கிலம் எடுத்தோம். விளையாட்டிலிருந்து வந்த ஆங்கிலத் தொடர்களை வீடியோவாகப் போடலாம் என்றது நீதான். ஞாயிறுதோறும் கோச்சடையில் உன் வீட்டு மாடி அறை. சத்தம் பதிவாகும் என்று ஃபேனை நிறுத்திவிடுவாய். இருவருக்கும் வியர்த்து ஊற்றும். எந்தத் தொடர் எந்த ஆட்டத்தில் பிறந்தது என்று தேடுவதும், நம்மூர் உதாரணம் யோசிப்பதும் என் வேலை. கேமராவைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பேசுவது நீ. 'பிலோ த பெல்ட்' எடுத்த அன்று, "இடுப்புக்குக் கீழ குத்தக் கூடாதுன்னு ஒரு சண்டைக்கே விதி இருக்கு பாரேன்டி" என்று வியந்தாய்.

பிறகு ஒரு ஞாயிறு உன் கணவர்தான் கதவைத் திறந்தார். "அவ ஸ்டுடியோவுக்குப் போயிருக்காளே. உங்ககிட்ட சொல்லலையா?"

அன்று மாலையே அந்தக் கோல் கம்ப வீடியோ வந்தது. முடிவில், "இதெல்லாம் நானே உக்காந்து யோசிச்சது" என்று சிரித்தாய். உடனே போன் செய்தேன்.

"ரெண்டு பேரும் சேந்துதானடி ஆரம்பிச்சோம்?"

"முகத்தக் காட்டிப் பேசுறது நான்தான?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா விட்டிருப்பியா?"

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. நீ வேலையை விட்டுப் போனாய். ஒருநாள் பள்ளிக்கு, மாரடைப்பு என்று செய்தி வந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் உன் கணவர் என்னைத் தனியாக அழைத்தார். "சேனல இனி நீங்க நடத்துங்க. அவ இருந்தா அதத்தான் சொல்லியிருப்பா."

"சொல்லியிருக்க மாட்டாண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சுலபமாக ஜெயிப்பதைச் சொல்லும் 'ஹேண்ட்ஸ் டவுன்' எங்கிருந்து வந்தது என்று இன்று காலை படித்தேன். ஜெயிப்பது உறுதியானதும் பந்தயக் குதிரைக்காரன் கடிவாளத்தைத் தளரவிட்டுக் கைகளைத் தாழ்த்திக்கொள்வானாம். படித்து முடிக்கும் முன்பே உனக்குச் சொல்ல என் கை போனை எடுத்துவிட்டது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நல்லதாக ஒன்று கிடைத்தால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்ற பழக்கம்தான் இன்னும் போகவில்லை.