தபாலில் போட வேண்டிய கடிதம்

திரானா, 6 ஏப்ரல் 1979

அன்புள்ள அக்கா,

இருமல் நின்றதா? ரொட்டி லாரி ஓட்டும் லெகாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் உனக்கு முன்னால் நாலு பேர் படித்துவிடுவார்கள். கூடவே கொஞ்சம் காப்பித்தூளும் கம்பளிக் காலுறையும் இருக்கின்றன. காலுறையை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடாதே, உன்னைத் தெரியும்.

என் மகள் மிமோசாவுக்கு எல்லாப் பாடத்திலும் பத்துக்குப் பத்து. மருத்துவம் படிக்க வேண்டுமாம். அதற்குத் தெருக் குழு கையெழுத்துப் போட வேண்டும். நேற்று குழுத் தலைவி வேரா வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"உம் பொண்ணு கெட்டிக்காரிதான், யாரு இல்லேன்னா? ஆனா அவ பெரியம்மா எந்த ஊர்ல இருக்கா, எதுக்கு இருக்கான்னு கோப்புல இருக்கே. உனக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லேன்னு ஒரு கடிதம் எழுதித் தபால்ல போடு. பிரிச்சுப் படிக்கிறவங்க படிக்கட்டும். அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மிமோசா உள்ளே இருந்து கேட்டிருக்கிறாள். "எனக்குப் படிப்பே வேணாம்மா, நெசவு ஆலைக்குப் போறேன்" என்று அழுகிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை, அக்கா. என்னால் அப்படி எழுத முடியாது.

உன் தங்கை,
ஸானா

*

லூஷ்ன்யா பக்கம், 15 ஏப்ரல்

கண்ணு ஸானா,

இருமல் நின்றுவிட்டது. காலுறை என் காலில்தான் இருக்கிறது. இங்கே சோளம் விதைக்கிறோம். ஊரைவிட்டு இங்கே அனுப்பப்பட்டவர்கள் காலையும் மாலையும் பெயர் வாசிக்கும்போது வந்து நிற்க வேண்டும். மற்றபடி குறையில்லை.

அசடே, இதற்கா அழுதீர்கள்? நான் ஒருத்தி இந்த வயலில் கிடப்பது போதும், அவள் ஆலைக்குப் போக வேண்டாம். கடிதத்தை எழுது. உன் போக்கில் விட்டால் 'அன்புள்ள அக்கா' என்று ஆரம்பித்துத் தொலைப்பாய், அதனால் நானே எழுதித் தருகிறேன். அப்படியே பார்த்து எழுது:

"திலேவுக்கு. உங்கள் கணவர் பாலின், மக்களின் விரோதி. அவரை விட்டு நீங்காத நீங்களும் அப்படியே. உங்களை என் அக்கா என்று சொல்ல வெட்கப்படுகிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம். எங்கள் குடும்பம் கட்சியின் பக்கம் நிற்கிறது."

ஐந்து வரி போதும். கண்ணீர் பட்டு மை கலைந்தால் வேறு தாளில் எழுது.

அக்கா,
திலே

*

திரானா, 2 மே 1979

திலேவுக்கு,

உங்கள் கணவர் பாலின், மக்களின் விரோதி. அவரை விட்டு நீங்காத நீங்களும் அப்படியே. உங்களை என் அக்கா என்று சொல்ல வெட்கப்படுகிறேன். விவாகரத்துத் தாளை நீட்டி அதிகாரிகள் உங்களிடம் கையெழுத்துக் கேட்ட அன்று, எங்களில் ஒருவரையாவது நினைத்தீர்களா? இனி எனக்கு எழுத வேண்டாம். எங்கள் குடும்பம் கட்சியின் பக்கம் நிற்கிறது.

ஸானா

*

லூஷ்ன்யா பக்கம், 13 மே

ஸானா,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். லெகா இந்த ஒரு முறை மட்டும் கொண்டுபோய்த் தருவதாகச் சொன்னார்.

உன் கடிதம் பிரித்து ஒட்டப்பட்டுத்தான் வந்தது. பெயர் வாசிக்கும் அதிகாரி எல்லார் முன்னாலும் அதை உரக்கப் படித்துவிட்டு, "பாத்தியா, கூடப் பிறந்தவளே கைகழுவிட்டா" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். நடிக்கத்தான் குனிந்தேன். ஐந்து வரிதான் வரும் என்று தெரியும். ஆறாவதாக ஒரு வரி நடுவில் வந்தது. அதன்பிறகு தலையை நிமிர்த்த முடியவில்லை.

அது உன் வரி. அந்த அதிகாரிக்காக நீ அதை எழுதவில்லை. ஏழு வருஷமாய்க் காப்பித்தூளும் காலுறையும் அனுப்பிக்கொண்டே இதை நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறாய். கேட்டுவிட்டாய், நல்லதுதான். நான் பதில் சொல்ல வேண்டும்.

ரொட்டி வரிசையில் நின்று, இத்தாலியில் வரிசையே இல்லை என்று பாலின் சொன்னார். அதற்குப் பத்து வருஷம் சிறை. விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டால் நான் வீட்டிலேயே இருக்கலாம், போடாவிட்டால் இந்த வயலுக்கு வர வேண்டும் என்றார்கள். பேனாவைக் கையில் கொடுத்தார்கள். சிறையில் அவருக்கு யாரும் இல்லையே என்று அவரை மட்டும் நினைத்தேன். உன்னை நினைக்கவில்லை, ஸானா. அப்போது மிமோசாவுக்குப் பதினொரு வயது. அவளையும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று சத்தியமாய்த் தெரியவில்லை.

கோபப்பட உனக்கு உரிமை உண்டு. எனக்கு வருத்தமாயிருக்கிறது, ஆனால் உன்மேல் இல்லை.

மிமோசாவைச் சேர்த்துவிடு. இதற்குப் பதில் போடாதே.

திலே