இடது பக்கக் கதவு

மார்ச் 4, செவ்வாய்

கடையில் ஒரே கூட்டம். கல்யாணக் கோட்டில் மசிக்கறையோடு ஒருவர் வந்து, "போயிடுமா?" என்று கேட்டார். "பார்க்கலாம்" என்றேன். இத்தனை வருடம் ட்ரை கிளீனிங் கவுண்டரில் நின்று நான் உருப்படியாகக் கற்றது இந்த ஒரு வார்த்தைதான். போகாது என்று தெரிந்தாலும் பார்க்கலாம்.

புதுத் தோடு போட்டு ஒரு வாரம் ஆகிறது. பச்சைக் கல், பட்டாணி அளவு. துணி போட வருகிறவர்கள்கூடக் கேட்டுவிட்டார்கள். இவர் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் என்னைக் கடையிலிருந்து கூட்டி வருகிறார். இரண்டே சீட்டு. வலப்பக்கம் ஸ்டியரிங்கோடு அவர், இடப்பக்கம் நான், முழங்கை இடிக்கிற தூரம். ரிட்டயர் ஆன பணத்தில் பாதியைக் கொட்டி வாங்கிய பழைய வண்டி. அதன் மேல் ஒரு தூசி விழுந்தால் இவருக்குத் தெரியும், பெண்டாட்டி காது தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டிலும் பாதியை ஒதுக்கிவிட்டார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறார். நன்றாக இருந்தால் எதற்கு மிச்சம்?

மார்ச் 9, ஞாயிறு

வண்டி இடித்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை.

கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தோம். வீட்டு கேட்டுக்குள் திருப்பும்போது இடப்பக்கத் தூண். நான் "என்னங்க, என்னங்க" என்பதற்குள் என் பக்கக் கதவு கரகரவென்று உரசிக்கொண்டே போனது. பக்கக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கியது. இவர் இறங்கிச் சுற்றி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இதை யாரு இங்க வெச்சது?"

தூணை. வீடு கட்டின நாளிலிருந்து நிற்கிற தூணை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. வாழ்க்கை முழுக்க பஸ் ஓட்டியவர். டிப்போவில் 'விபத்தில்லா ஓட்டுநர்' என்று கேடயம் கொடுத்தார்கள், டிவிக்கு மேலே இருக்கிறது. இந்த வீட்டில் அவர் தன் கையால் தூசி தட்டுகிற ஒரே சாமான் அதுதான். இன்றைக்கு அதை எடுத்துத் துடைத்துவிட்டு, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, சீக்கிரம் படுத்துக்கொண்டார்.

மார்ச் 10, திங்கள்

"இன்சூரன்ஸ்ல கிளைம் பண்ணிடுங்க" என்றேன்.

"ஒரு கீறலுக்கா?"

"வருஷா வருஷம் அழறோமே, எதுக்கு? அந்தக் கம்பெனிக்காரன் பொண்ணு கல்யாணத்துக்கா?"

கிளைம் பண்ணினால் நோ கிளைம் தள்ளுபடி போய்விடுமாம். இதுவரை ஒரு தரம்கூட இவர் கிளைம் கேட்டதில்லை. அந்தத் தள்ளுபடியை இவர் பணமாகப் பார்க்கவில்லை, இன்னொரு கேடயமாகப் பார்க்கிறார். ஆனால் பட்டறைக்காரர் போனில் சொன்ன தொகையைக் கேட்டதும் நாற்காலியைத் தேடினார். அந்தச் சிவப்பு இப்போது வருவதில்லையாம். கலந்து அடிக்க வேண்டும், கதவு முழுக்க அடிக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

வேண்டாமாம்.

மார்ச் 13, வியாழன்

காலையில் பண்ணலாமாம். மத்தியானம் வேண்டாமாம். சாயங்காலம் "உனக்கு என்ன தோணுது, கண்டக்டர்?" என்கிறார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நிறுத்துங்க, போலாம் என்று சொல்லிக்கொண்டே வருவதால் எனக்கு வைத்த பெயர். எனக்குத் தோன்றுவதைத்தான் திங்கட்கிழமையே சொன்னேனே.

மார்ச் 14, வெள்ளி

இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார். தட்டில் மறுபடி பாதி. ஆனால் அது பாதி மிச்சம் இல்லை. இடது பாதி. நடுவில் கோடு போட்ட மாதிரி, அந்தப் பக்கம் காய் வைத்தது வைத்தபடி, இந்தப் பக்கம் வழித்துச் சுத்தமாக. திரும்பி வந்தவரிடம், "இன்னும் கொஞ்சம் இருக்கு, சாப்பிடுங்க" என்று சொல்லித் தட்டைத் திருப்பி வைத்தேன். "எப்ப வெச்சே?" என்று கேட்டுவிட்டு முழுவதையும் சாப்பிட்டார். ரசித்துச் சாப்பிட்டார்.

என் சமையல் மேல் குறை என்று இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேனே.

மேஜையில் நான் எப்போதும் அவருக்கு இடது கைப்பக்கம் உட்காருவேன். வண்டியிலும் இடப்பக்கம்.

மார்ச் 15, சனி

"கண்ணைக் காட்டிட்டு வரலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன். "ஏன், எனக்கென்ன கேடு?" என்றார். அதற்கு மேல் எனக்குக் கேட்க வாய் வரவில்லை. ஊரில் உள்ள கறைக்கெல்லாம் பதில் சொல்கிற வாய்.

மார்ச் 16, ஞாயிறு

கிளைம் படிவத்தைப் பட்டறைக்காரரே அனுப்பியிருந்தார். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி எண், தேதி எல்லாம் மளமளவென்று எழுதினார். 'ஓட்டியவர் பெயர்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. அதற்குக் கீழே 'வயது', அதற்கும் கீழே 'கடைசியாகக் கண் பரிசோதனை செய்துகொண்டது எப்போது'.

"நீ ஓட்டினதா போட்டுடலாமா?"

"நானா? இந்த வண்டியையா?"

"உனக்குத்தான் லைசென்ஸ் இருக்கே. கடை வேன் ஓட்டினவதானே நீ."

"அது எந்தக் காலத்துல."

"யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றார். அப்புறம், "என் பேரு வேண்டாம்மா" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. இந்த மனுஷன் எங்கிட்டக் கெஞ்சி நான் பார்த்ததே இல்ல. சண்டை போட்டா நானும் போட்டிருப்பேன். கெஞ்சினா என்ன பண்றது?

என் பெயரை எழுதினேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்சூரன்ஸிலிருந்து ஒரு பெண் பேசினாள். தேன் மாதிரிக் குரல். "நீங்கதான் ஓட்டினீங்களா மேடம்?" "ஆமா." "தூண் கண்ணுக்குத் தெரியலையா மேடம்?" "தெரியல." ஒரு பொய்க்கு நடுவில் ஒரு உண்மை. வியாழக்கிழமை சர்வேயர் வருவாராம்.

மார்ச் 20, வியாழன்

மானம் போச்சு.

சர்வேயர் சின்ன வயசு இல்லை, நாலும் பார்த்தவர். கதவைப் படம் எடுத்தார், தூணில் ஒட்டியிருந்த சிவப்பைச் சுரண்டிப் பார்த்தார். "மேடம், எப்படித் திரும்பினீங்கன்னு கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க. பின்னாடி எடுத்து, திரும்ப உள்ள விடுங்க" என்றார்.

உட்கார்ந்தேன். சீட்டு இவர் காலுக்கு வைத்தது, என் கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டு நுனிக்கு நகர்ந்து கிளச்சை மிதித்தேன். ரிவர்ஸ் விழவில்லை. அழுத்தினேன், இழுத்தேன், கெஞ்சினேன். கியர்த் தடியில் கழுத்துக்குக் கீழே ஒரு வளையம் இருக்கிறது, அதை இரண்டு விரலால் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழுமாம். தினம் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவள், அதை ஒரு நாள் கவனித்திருக்கக் கூடாதா? இவர் வாசலில் நின்று விரலைத் தூக்கித் தூக்கிச் சைகை காட்டுகிறார். சர்வேயர் என்னைப் பார்க்கவில்லை. இவருடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னார். "நான் இன்னும் எதுவும் எழுதலைம்மா. திங்கட்கிழமை வரைக்கும் வெச்சிருக்கேன். வாபஸ் வாங்கிட்டீங்கன்னா அதோட முடிஞ்சுது. இல்ல, கிளைம் வேணும்னா யாரு ஓட்டினாங்களோ அவங்க பேரைப் போட்டுக் கொடுங்க. பேரு மாறினா, வயசைப் பார்த்துக் கண் சர்ட்டிபிகேட் கேப்பாங்க. லைசென்ஸ் ஆபீஸுக்கும் எழுதுவாங்க. யோசிச்சுக்குங்க."

மார்ச் 21, வெள்ளி

வாபஸ் வாங்கிவிடலாம் என்கிறார் இவர். பெயின்ட் செலவைக் கையிலிருந்தே கொடுத்துவிடலாமாம், கேடயத்துக்கும் பங்கம் வராதாம். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நாத்தனாருக்குப் போன் பண்ணினேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம், இருந்தாலும் வேறு யாரிடம் சொல்வது. தட்டைப் பற்றிச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "அவன் கையில இருந்து வண்டியைப் பிடுங்கிட்டா அவன்கிட்ட என்ன மிச்சம் இருக்கும், சொல்லு" என்றாள்.

"பிடுங்கலைன்னா?"

"அதுக்கு எனக்கு என்ன தெரியும்? நீதானே கூட இருக்கே."

ஆமாம், நான்தான் கூட இருக்கிறேன்.

மார்ச் 22, சனி

எழுத்து கோணல் மாணலா வருது.

காலைல நான் நடந்தே கடைக்குப் போறேன்னு சொன்னேன். "என்ன, எங்கூட வர பயமா?" அப்படின்னு கேட்டார். ஆமான்னு சொல்லியிருக்கலாம். சொல்லாம ஏறி உக்காந்தேன்.

பேக்கரி திருப்பத்தில் ஒரு பொம்பளை, சைக்கிளில் பின்னாடி ரொட்டிக் கூடை. எங்களுக்கு இடப்பக்கமா, ஓரமாத்தான் போயிட்டிருந்தா. வண்டி கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம் ஒதுங்குது. இவர் என்னவோ டிப்போ கதை சொல்லிட்டு வர்றார். "என்னங்க, சைக்கிள்"னு கத்தினேன். "எங்க?"ன்னு கேக்கறார். எங்கன்னு கேக்கறார். நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுத்துட்டேன். அவ நடைபாதைல சாய்ஞ்சு விழுந்தா. ரொட்டி எல்லாம் ரோட்டுல. அடி ஒண்ணும் இல்ல. எழுந்து புடவையைத் தட்டிக்கிட்டு, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"ன்னு கேட்டா. ரொட்டிக்குக் காசு கொடுத்தேன். வாங்கிக்கலை.

திரும்பி வந்து உக்காந்தேன். "நல்லவேளை, அந்தப் பொம்பளைக்கு அடி இல்ல"ன்னேன். இவர் நேரா பார்த்துக்கிட்டே, "எந்தப் பொம்பளை?" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

நாளைக்குத் திங்கட்கிழமை. இரண்டு காகிதமும் சமையலறை மேஜையில் இருக்கின்றன. ஒன்று வாபஸ் கடிதம், இவர் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார், நான் போட வேண்டியதுதான் பாக்கி. இன்னொன்று புதுப் படிவம், வெறுமையாக.

எனக்கு யார் இதையெல்லாம் கொடுத்தது?

மார்ச் 24, திங்கள்

புதுப் படிவத்தை எழுதினேன். ஓட்டியவர் பெயர், வயது. 'எப்படி நடந்தது' என்ற இடத்தில், 'இடது பக்கம் அவருக்குத் தெரியவில்லை' என்று எழுதினேன். அதற்குமேல் எழுத இடம் இருந்தது, எழுதவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானே நடந்து போய் சர்வேயர் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "சொல்லிட்டீங்களாம்மா அவர்கிட்ட?" என்றார்.

சாயங்காலம் இவர் அழைக்க வந்தபோது வண்டியில் ஏறாமல் வெளியிலேயே நின்று சொன்னேன்.

மார்ச் 25, செவ்வாய்

பேசவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்கவில்லையா, தெரியவில்லையா, அதுவும் எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 2, புதன்

கண் டாக்டர் ஒரு விளக்கை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்த்தினார். தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க என்றார். இடப்பக்கம் விளக்கு போய்க்கொண்டே இருக்கிறது, இவர் 'ம்' சொல்லவே இல்லை. நான் மூலையில் உட்கார்ந்து மனதுக்குள் 'ம், ம், ம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்ணில் குறை இல்லையாம். மூளையில் எப்போதோ சின்னதாக ஒரு ரத்த அடைப்பு வந்து போயிருக்கிறதாம். இரண்டு கண்ணிலும் இடது பாதி போய்விட்டது. இருட்டாகத் தெரியாதாம், அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே தோன்றாதாம். "திரும்ப வருமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பார்க்கலாம்" என்றார்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது?

ஏப்ரல் 9, புதன்

லைசென்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். கவுண்டரில் இருந்த பெண் ஒரு ஓரத்தை வெட்டி இழுப்பறையில் போட்டுக்கொண்டாள். இவர் ரசீது வேண்டும் என்றார். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் இன்சூரன்ஸ் கடிதம். அவர்கள் மதிப்பில் சேதம் சிறியது, எந்தக் கிளைமிலும் முதலில் ஒரு தொகையை நாமே போட வேண்டும் என்ற கணக்கில் செலவு முழுவதும் நம் தலையிலேயே வந்துவிட்டது. அவர்கள் தருவதற்கு ஒன்றும் இல்லையாம். ஆனால் கிளைம் பதிவாகிவிட்டதால் தள்ளுபடி ரத்தாம். 'தங்கள் நம்பிக்கைக்கு நன்றி' என்று கீழே அச்சடித்திருக்கிறார்கள்.

இவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு வாரத்துக்கு அப்புறம் முதல் தடவை என்னிடம் வாயைத் திறந்தார். "இதுக்குத்தானா போட்டுக் கொடுத்தே?"

ஏப்ரல் 19, சனி

கேடயத்தைக் காணவில்லை. டிவிக்கு மேலே தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருக்கிறது. தேடவும் பயம், கேட்கவும் பயம். கண்டக்டர் என்று அவர் கூப்பிட்டு ஒரு மாதம் ஆகிறது.

தட்டை மட்டும் பாதிச் சாப்பாட்டில் திருப்பி வைக்கிறேன். அவரும் சாப்பிடுகிறார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், உறையை எடுத்துவிட்டு வண்டிக்குள் தலையை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருக்கிறார். டிரைவர் சீட்டு. முன்னால் தள்ளி வைத்திருக்கிறார், பெடலுக்குப் பக்கத்தில், என் காலுக்கு.

மே 4, ஞாயிறு

காலையில் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் வண்டியருகில் நின்றார்.

பழக்க தோஷத்தில் வலப்பக்கக் கதவுக்குத்தான் போனார். கைப்பிடியைத் தொட்டுவிட்டு நின்றார். அப்புறம் பானட்டில் கையை வைத்துத் தடவிக்கொண்டே சுற்றிப் போய், அந்த உரசின கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை.

வளையத்தை இரண்டு விரலால் தூக்கினேன். ரிவர்ஸ் விழுந்தது. கேட் பக்கம் மெதுவாக வரும்போது, "டிரைவரம்மா" என்றார். பிரேக்கை மிதித்தேன்.

"இந்தப் பக்கத் தூணை நீங்கதான் பாத்துக்கணும். எனக்குத் தெரியாது."

பார்த்துக்கொண்டேன். உரசாமல் வந்துவிட்டோம்.

பேக்கரி திருப்பம் தாண்டினோம். இப்போது நான் அவருக்கு வலப்பக்கம். திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குப் பயம்.

"தோடு புதுசா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.